சாம்பல் நிறத்தில் தனபாக்கியம்

உயிரோடு இருப்பதை நிரூபிக்க வந்தவள் கொட்டாவி விட்டாள். வாயைக்கூட மூடிக்கொள்ளவில்லை. செத்தவள் இப்படிக் கொட்டாவி விடுவாளா, இதைப் பார்த்தே அந்தச் சூப்பரின்டெண்ட் ஒரு கையெழுத்துப் போட்டுத் தொலைக்கலாமே என்று பியூலாவுக்குத் தோன்றியது. அவர் அறைக் கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் இருபத்தொன்பது என்று எரிந்துகொண்டிருந்தது. பியூலாவின் கையிலிருந்த டோக்கன் நாற்பத்தொன்று. மணி பதினொன்றேகால். இன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். கால்வாய் ஓரத்துப் பதினோரு பிளாக்குகளையும் இடித்துவிட்டு அங்கே குடியிருப்பவர்களை ஊருக்கு வெளியே, ஏரியைத் தூர்த்துக் கட்டின பதினான்கு மாடிக்கு அனுப்பப் போகிறார்கள். பட்டியலில் பேர் இருந்தால் அங்கே ஒரு வீடு, இல்லாவிட்டால் தெரு. தனபாக்கியத்தின் பேருக்கு நேரே 'இறப்பு' என்று எழுதியிருந்தது. எழுதியவன் கணக்கெடுக்க வந்த ஊழியன். அவனை அப்படி எழுத வைத்தது ஒன்பதாம் பிளாக்கின் பக்கவாட்டுச் சுவரில் நான்கு மாடி உயரத்துக்கு நிற்கும் தனபாக்கியத்தின் முகம். அந்த முகத்தை வரைந்தவள் பியூலா, அதே பிளாக்குகளில் அவளைத் தனம் அத்தை என்று கூப்பிட்டு வளர்ந்தவள். இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதில் தனபாக்கியத்தின் கட்டைப்பை உட்கார்ந்திருந்தது. மூன்று மாதமாக அவள் பியூலாவோடு பேசுவதில்லை, வரைந்தவளும் வர வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னதால்தான் இன்று சேர்ந்து வந்தார்கள். காலையில் ஷேர் ஆட்டோவில் வரும்போதும் டிரைவரிடம்தான் பேசிக்கொண்டு வந்தாள், மழை வருமா வராதா என்று. இறங்கும்போது பியூலா கை கொடுத்தாள். தனபாக்கியம் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

முப்பது. கதவு திறந்து ஒருவர் வெளியே வந்தார், ஒருவர் உள்ளே போனார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக் என்றது, அந்த டக்குக்காகக் காது காத்திருக்க ஆரம்பித்துவிட்டது. பியூலா பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே தனபாக்கியத்தின் கைகளைப் பார்த்தாள். மடியில் மல்லாந்து கிடந்தன. விரல் நுனிகள் வெளுத்து, தோல் வழவழவென்று, வரி எதுவும் இல்லாமல். முப்பத்தைந்து வருஷம் மீன்பிடித் துறைமுகத்து ஷெட்டில் ஐஸுக்குள் கையை விட்டு இறால் உரித்த விரல்கள். அதனால்தான் மெஷினில் ரேகை விழவில்லை. போன வாரம் இதே அலுவலகத்தில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியதாம். கண்ணைக் காட்டச் சொன்னால் ஒரு கண்ணில் புரை, இன்னொன்றைக் காட்டப் போனால் கண் மெஷினே ரிப்பேர். நல்ல கதைதான். அந்த விரல்களை வரைய எத்தனை நாள் ஆனது, பன்னிரண்டு நாள். வலது கை ஆள்காட்டி விரல் மட்டுமே ஒரு ஜன்னல் உயரம். ரேகை இல்லாததை எப்படி வரைவது என்று யோசித்து, ஈரத்தின் பளபளப்பை மட்டும் விட்டு, அதைப் பார்த்து பியூலாவே மூங்கில் சாரத்தில் உட்கார்ந்து அழுதாள். அப்படி வரைந்த கை இப்போது சுவரில் இல்லை. அதை நினைக்க வேண்டாம். அந்தப் படத்தின் சாம்பல் நிறத்தை நினைக்கலாம். சாம்பலில் கறுப்பு கிடையாது, நீலத்தையும் மண்ணின் பழுப்பையும் குழைத்து எடுத்த சாம்பல் அது, கிட்டே போய்ப் பார்த்தால் நீலம் மூச்சு விடும். கிட்டே போய்ப் பார்த்தது யார். பிளாக்கில் இருக்கிறவர்கள் தண்ணீர் லாரிக்குப் போகும் வழியில் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்கள், அவ்வளவு தூரத்தில் சாம்பல் சாம்பல்தான்.

முட்டாள். வேறு வார்த்தை கிடையாது. பதினோரு பிளாக்கில் எங்கேயாவது கேட்டிருக்கலாம். முகத்தை மட்டும் தனியாக எடுத்து, நேரே பார்க்க வைத்து, வண்ணத்தை உருவிவிட்டு, சுற்றிப் பூவைப் போட்டால் அது என்ன என்று நாலு வயசுப் பிள்ளையும் சொல்லும். கண்ணீர் அஞ்சலி. தெருமுனைக்குத் தெருமுனை ஒட்டியிருக்கிறது, தோற்றம் இன்ன தேதி மறைவு இன்ன தேதி என்று. பியூலா அந்தப் போஸ்டர்களைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தாள், அவள் அப்பாவுக்கே அப்படி ஒன்று ஒட்டினார்கள், பசை காயும் முன்னால் ஆடு வந்து அவர் காதைத் தின்றது. எல்லாம் தெரியும். தெரிந்தும் எப்படி மறந்தாள் என்றால் படித்ததால் மறந்தாள். ஓவியக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் ஒரு ஆசிரியர் ஜன்னலை அடைத்துவிட்டுச் சுவரில் ஸ்லைடுகளைக் காட்டினார். அமெரிக்காவில் மெக்ஸிகோ வழி வந்தவர்கள், தங்களைச் சிக்கானோ என்று சொல்லிக்கொள்கிறவர்கள், தாங்கள் குடியிருக்கும் தெருச் சுவர்களில் வரைந்த படங்கள். திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குக் குனிந்தவர்கள், துணி தைக்கும் பெண்கள், கொடி பிடித்த கை. யாருடைய அனுமதியும் கேட்காத முகங்கள். இருட்டில் உட்கார்ந்திருந்த பியூலா முன் வரிசைக்கு நகர்ந்தாள். இது எங்கள் பிளாக்காச்சே, இது தனம் அத்தையாச்சே என்று நினைத்தாள். அதற்குப் பத்து வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இரண்டு மாதம் போகக் கிடைத்தது. அங்கே கொன்சுவேலோ என்று ஒருத்தி, அறுபது வயசு, கை முழுக்கப் பெயின்ட், சாரத்தில் ஏறினால் இறங்க மாட்டாள். ஒரு ரொட்டிக்கடைச் சுவரில் தன் அம்மாவை வரைந்து சுற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் பூ வைத்திருந்தாள். நம் செண்டுமல்லி. இது எங்கள் ஊரிலும் உண்டு என்று பியூலா துள்ளினாள். கொன்சுவேலோ சிரித்து, நாங்கள் செத்தவர்களை வருஷத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு அழைக்கிறோம், இந்தப் பூவின் வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் வழி கண்டுபிடித்து வருவார்கள், எங்கள் அம்மா வரட்டும் என்று வைத்தேன் என்றாள். செத்தவர்களுக்கு. காதில் விழுந்தது. ஆனால் அழகுதான் மண்டையில் ஏறியது, அர்த்தம் விமானத்திலேயே தங்கிவிட்டது. ஊருக்கு வந்து, உயிரோடு இறால் உரித்துக்கொண்டிருந்தவளைச் சாம்பலில் வரைந்து, அவளைச் சுற்றி இருநூற்றுப் பன்னிரண்டு செண்டுமல்லி வைத்தாள். இங்கே பாடையில் கட்டுவதும் தெரு நெடுகப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போவதும் அந்தப் பூவைத்தான். இரண்டு ஊரிலும் செத்தவர்களுக்கான பூ, இரண்டு ஊரையும் பார்த்தவளுக்குத் தெரியவில்லை.

முப்பத்து மூன்று. தனபாக்கியம் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், குடித்தாள், மூடியைத் திருகி மறுபடி பையில் வைத்தாள். இந்தா என்று நீட்டவில்லை. முன்பெல்லாம் தன் வாயில் போட்டதை எடுத்துக் கொடுத்தவள். அவளைச் சொல்லி என்ன, சுவரைப் பார்த்த அன்றைக்கே மனசு விட்டுப்போனது. அந்தச் சுவரில் ஒரு கழிவுநீர்க் குழாய் மேலிருந்து கீழே இறங்கும், சரியாக இடது கண்ணின் ஓரமாக. பியூலா குழாய்க்கும் அதே சாம்பலை அடித்து மறைத்துவிட்டாள், புத்திசாலி. காலையில் மூன்றாம் மாடியில் குளிக்க ஆரம்பித்தால் இணைப்பில் கசிந்து கன்னத்தில் ஈரம் இறங்கும். அழுவுது என்றார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு யாருடைய பிணமோ அந்த வழியாகப் போனது, பறை அடித்து ஆடிக்கொண்டு போன கூட்டத்தில் ஒருவன், நல்ல மனசுக்காரன்தான், குடித்திருந்தான், இந்தம்மாவுக்கும் இருக்கட்டும் என்று ஒரு மாலையைக் குழாயின் கிளாம்பில் மாட்டிவிட்டான். திங்கட்கிழமை கணக்கெடுக்க வந்தார்கள். தனபாக்கியம் விடிகாலை நான்கு மணிக்கே ஷெட்டுக்குப் போய்விடுவாள், கதவு பூட்டியிருந்தது. மகன் குவைத்தில், மருமகள் அவள் அம்மா வீட்டில். எதிர்வீட்டில் புதிதாகக் குடி வந்தவர்கள், அவர்களுக்கு யாரையும் தெரியாது, சுவரைக் காட்டினார்கள். அந்த ஊழியன் சுவரைப் படம் எடுத்துக்கொண்டான். மாலையோடு, கண்ணீரோடு. அவனைக் குற்றம் சொல்ல முடியாது, படம் அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாலையைப் பார்த்துவிட்டுத்தான் தனபாக்கியம் போன் செய்தாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. ஷெட்டில் கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள், குவைத்திலிருந்து மகன் அழுதுகொண்டே போன் பண்ணுகிறான், யாரோ படத்தை அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். "உன்ன இன்னாடி பண்ணேன் நானு," என்று கேட்டாள். "உயிரோட கீறவள பொணமாக்கி நட்டுவெச்சிட்டியே. போவசொல்லோ வரசொல்லோ செவுத்துல என் சாவ நானே பாக்கணுமா?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கிக்கொள்ளலாம், நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். பியூலா என்ன சொன்னாள்? அத்தை, அது மரியாதை, அது கௌரவம், வண்ணம் கவனத்தைச் சிதைக்கும், சாம்பல் காலத்தை நிறுத்தும். இதே வாக்கியத்தை முந்தின வாரம் ஒரு பத்திரிகைக்குச் சொல்லியிருந்தாள், வாயில் தயாராக இருந்தது. போன் எப்போது வைக்கப்பட்டது என்று தெரியவில்லை. காலத்தை நிறுத்தும். இப்போது நாக்கை இழுத்து வைத்து அறுத்துக்கொள்ளலாம்போல் இருந்தது. மின்விசிறி டக் என்றது.

முப்பத்தைந்து. மாடிப்படி ஓரத்தில் குடிநீர் என்று எழுதிய டிரம், அதன் குழாயிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது, கீழே வாளி. சொட்டுவதைக்கூட வீணாக்க மாட்டோம் அப்போது. பியூலாவுக்குப் பதினொரு வயசு, எட்டு நாளாக லாரி வரவில்லை, அடிபம்பில் கால்வாய்த் தண்ணீர்தான் வந்தது, அதை வடிகட்டிக் குடித்த இரண்டு குழந்தைகள் வாந்தி எடுத்தே போய்விட்டன. தனபாக்கியம் அன்று பிளாக் பிளாக்காக ஏறினாள். அப்போது அவளுக்கு என்ன வயசு இருக்கும்? முப்பத்தொன்பது. பியூலாவுக்கு இப்போது முப்பத்தெட்டு. இந்த வயசில் அவள் நானூறு பெண்களைக் குடத்தோடு துறைமுகச் சாலையில் உட்கார வைத்தாள், லாரிகள் இரண்டு மைலுக்கு நின்றன. நான் என்ன செய்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு பூ. மறியலுக்கு முந்தின நாள் மனு எழுத ஆள் தேடினார்கள். ஆண்கள் எழுதினால் கட்சிக்காரன் பேர் முதலில் வரும் என்று தனபாக்கியம் வேண்டாம் என்றுவிட்டாள். பியூலாவின் கையெழுத்து ஸ்கூலில் பேர்போனது. அவளைத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார வைத்து, கோடு போட்ட தாளைக் கொடுத்து, தனம் அத்தை சொல்லச் சொல்ல எழுத வைத்தாள். ஐயா, எங்களுக்கு எட்டு நாளாகத் தண்ணீர் இல்லை. கெஞ்சுகிறோம்னு எழுதாதே, கேட்கிறோம்னு எழுது. கீழே பேர்கள். முதல் பேர் தனபாக்கியம், ஒன்பதாம் பிளாக். யார் முதலில் என்று மற்றவர்கள் தயங்கியபோது, என்னுதப் போடு, புடிச்சா என்னப் புடிக்கட்டும் என்றாள். பிடித்தார்கள். பதினொரு நாள் உள்ளே இருந்தாள். குடத்தோடு கையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள், அந்தக் கை பியூலாவின் கண்ணுக்குள் அப்படியே நின்றுவிட்டது. இருபத்தேழு வருஷமாக வரைந்ததெல்லாம் அந்த ஒரு கைதான்.

அந்தக் கைதான் சுவரில் இல்லை. நினைக்க வேண்டாம் என்றால் கேட்கிறதா மனசு, காயத்தின் பொருக்கை உரிக்கிற மாதிரி அங்கேயே போகிறது. சுவர்களுக்கு வண்ணம் தரும் அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் நந்திதா சாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, அருமை, ஆனால் இந்தக் கை கொஞ்சம் கோபமாக இருக்கிறதே என்றாள். நல்ல பெண். கத்தவே மாட்டாள். நன்கொடையாளர்கள், அதிகாரிகள், ஒரு நேர்மறையான உணர்வு. ஒரு பறவை இருந்தால்? பியூலா ஒரு வாரம் சண்டை போட்டாள். பிறகு சிட்டுக்குருவி வரைந்தாள். பன்னிரண்டு நாள் வரைந்த விரல்களின் மேல் இரண்டு மணி நேரத்தில் ஒரு குருவி உட்கார்ந்துவிட்டது. கையை விட்டுக் கொடுத்தால் பேரையாவது விடுவார்கள் என்று ஒரு கணக்கு. கீழே தனபாக்கியம், ஒன்பதாம் பிளாக் என்று எழுதியே தீருவேன் என்று நின்றாள். பேரை எழுதினால் அந்தப் பழைய மறியல் வழக்கு ஞாபகம் வரும், ஒருத்தர் பேர் வேண்டாம், அவர் இந்தப் பகுதியின் எல்லாப் பெண்களும்தானே என்றாள் நந்திதா. எல்லாப் பெண்களும். எல்லாருக்கும் பொதுவான ஏழை முகம், யாருக்கும் சொந்தமில்லாதது, அதை வரையக்கூடாது என்றுதானே ஓவியத்துக்கே வந்தது. இரண்டு வாரம் சண்டை, கடைசியில் பேரும் போனது. கொன்சுவேலோ சொன்னது இப்போது ஞாபகம் வந்து என்ன பிரயோசனம். நாங்கள் முதலில் சுவரில் எங்கள் அம்மாக்களை வரைந்தோம், தெரு அழகாகிவிட்டது, பிறகு அந்தத் தெருவில் எங்கள் அம்மாக்களால் வாடகை கொடுத்து இருக்க முடியவில்லை என்றாள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். கால்வாய் ஓரத்தைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், குருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், இடம் நன்றாக இருக்கிறதே என்று யார் யாரோ சொன்னார்கள், எட்டே மாதத்தில் இடிக்கும் நோட்டீஸ் வந்தது. படத்தால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பியூலாவுக்கு ஒரு விருது வந்தது. மேடையில் எங்க ஏரியா, எங்க ஏரியா என்று ஆறு தடவை சொன்னாள். அவள் இருப்பது லிஃப்ட் வைத்த கட்டடத்தில், எங்க ஏரியாவை விட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது, அந்தப் பதினான்கு மாடிக்கு அவள் போக வேண்டியதில்லை.

நாற்பத்தொன்று எரிந்தபோது மணி ஒன்று பத்து. தனபாக்கியம் முந்தி எழுந்து பையை எடுத்துக்கொண்டு போனாள். சூப்பரின்டெண்ட் கஜபதி மரியாதையான மனிதர், உட்காருங்கம்மா என்று இரண்டு பேரையும் உட்கார வைத்தார். பியூலாவைப் பார்த்து, அந்தப் படம் நீங்கதானா, நானே குடும்பத்தோட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன் என்றார். ஃபைலைப் பிரித்து, அச்செடுத்த படத்தைக் காட்டினார். சின்னத் தாளில் மாலையோடு பார்த்தபோது பியூலாவுக்கே சந்தேகம் வரவில்லை, இவள் செத்துத்தான் போயிருக்கிறாள். ரேகை விழாததையும் கண் மெஷின் ரிப்பேரையும் அவரே சொல்லி வருத்தப்பட்டார். பியூலா, சார், ஆளே வந்து உட்கார்ந்திருக்கிறார்களே என்றாள். "எனக்குத் தெரியுதும்மா," என்றார் அவர். "ஃபைலுக்குத் தெரியணும்ல." ஊழியன் தவறாக எழுதிவிட்டான் என்று அவரால் குறிப்புப் போட முடியாதாம், போட்டால் அவன் வேலைக்கு விளக்கம் கேட்பார்கள், பட்டியல் முழுவதையும் சந்தேகப்படுவார்கள். அதனால் தவறு ஊழியன் பக்கம் இருக்கக் கூடாது, படத்தின் பக்கம் இருக்கலாம். "படத்துல இருக்கிறது இவங்க இல்லன்னு வரைஞ்ச நீங்களே ஒரு லெட்டர் குடுத்துடுங்க. கற்பனை உருவம், எந்த நபரையும் குறிக்கலன்னு. அந்தப் போட்டோவுக்கு எதிரே ஒரு பேப்பர் இருந்தாப் போதும், நான் இப்பவே பேரைச் சேர்த்துடறேன்." பியூலா வாயைத் திறந்தாள். அது அவர்கள்தான் சார், என்றாள், அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். கஜபதி பேனாவை மூடிவிட்டு, அப்படின்னா சிக்கலாயிடும்மா என்றார். படத்துக்குக் கீழே பேர் எதுவும் இல்லையே, அதனால் பிரச்சினை இல்லை என்று தைரியமும் சொன்னார். அறக்கட்டளையின் வெளியீட்டிலும் கற்பனை முகம் என்றுதான் அச்சாகியிருந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த யோசனையே அவருக்கு வந்ததாம். பேர் இல்லாததுதான் காப்பாற்றப் போகிறது. நந்திதா ஜெயித்துவிட்டாள், அவளுக்கே தெரியாமல்.

கஜபதி ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். கோடு போடாத தாள். பியூலா தன் பேனாவைத் தேடினாள், பையில் மூன்று தூரிகையும் ஒரு பென்சிலும்தான் இருந்தன, அவரே பேனா கொடுத்தார். அனுப்புநர். பெறுநர். ஐயா. இந்த மூன்று வார்த்தைக்குப் பிறகு கை நின்றுவிட்டது. எழுதாமல் எழுந்து போகலாம். அது தனபாக்கியம், என் தனம் அத்தை, தண்ணீர் கேட்டு உள்ளே போனவள் என்று எழுதலாம். எழுதினால் நன்றாகத்தான் இருக்கும், அடுத்த விருது மேடையில் சொல்லலாம், தனபாக்கியம் எந்த பிளாட்பாரத்தில் இருந்து அதைக் கேட்பாள்? வீடு இவளுக்கு, கௌரவம் எனக்கு, தராசில் வைத்துப் பார்க்கவே வெட்கமாக இல்லையா? இருந்தும் கை நகரவில்லை. எட்டு வினாடிக்குள் சுவர் முழுவதும் கண்ணுக்குள் வந்தது, நீலம் மூச்சு விடும் சாம்பல், மூக்குத்தி, குருவிக்கு அடியில் இன்னும் இருக்கும் அந்தக் கை, யாரும் பார்க்க முடியாத அந்த ஈர விரல்கள். அடுத்த மாதம் புல்டோசர் வந்து எப்படியும் எல்லாவற்றையும் இடிக்கும். அப்போது இடிபடுவது யாருடைய முகமாகவும் இருக்காது. அதை இப்போதே இடிக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான், ஒரு மாதம் முன்னால், என் கையால். இடது பக்கத்திலிருந்து ஐஸும் இறாலும் கலந்த வாசனை வந்தது, எத்தனை சோப்பு போட்டாலும் போகாத வாசனை. தனபாக்கியம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பியூலா எழுதினாள். ஒன்பதாம் பிளாக் சுவரில் என்னால் வரையப்பட்ட பெண் உருவம் கற்பனையானது. அது உயிருடன் இருக்கும் அல்லது இறந்த எந்த நபரையும் குறிப்பதல்ல. மேற்படி தனபாக்கியம் என்பவருக்கும் அந்தப் படத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று உறுதியளிக்கிறேன். எவ்வித என்று எழுதும்போது எழுத்து சாய்ந்தது, அடிக்காமல் விட்டாள்.

கஜபதி படித்துப் பார்த்துத் தலையாட்டினார். விண்ணப்பதாரரும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் நல்லது, ரேகைதான் விழவில்லை, கையெழுத்துப் போடுவீங்களாம்மா என்று கேட்டார். தாள் தனபாக்கியத்திடம் போனது. அவள் அதைப் புரை இல்லாத கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணாடி எடுத்து வரவில்லை. தாளைப் பியூலாவின் முன்னால் வைத்து, "இன்னா எழுதிக்கீற, படி," என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. பியூலா படித்தாள். ஐயா என்பதிலிருந்து உறுதியளிக்கிறேன் வரைக்கும், ஒரு வார்த்தையையும் முழுங்காமல், தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து மனுவைப் படித்துக் காட்டிய அதே குரலில் படிக்கிறோம் என்று பாதியில் தெரிந்தது, தெரிந்த பிறகு நிறுத்த முடியவில்லை. படித்து முடித்த பிறகும் தனபாக்கியம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்த விரலால் முதல் வரியைத் தடவினாள்.

"எழுத்து அப்டியேதான் கீது," என்றாள். "அன்னிக்கும் நீதான எழுதின. என் பேரத்தான் மொதல்ல போட்ட."

பிறகு கஜபதியிடம் பேனாவை வாங்கி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் தன் பேரை முழுசாக எழுதினாள். ஏழு எழுத்து. அதன் பக்கத்தில், யாரும் கேட்காமலே, ஒன்பதாம் பிளாக் என்றும் எழுதினாள். கஜபதி ஸ்டாம்ப் அடித்துத் தாளை அந்தப் படத்துக்கு மேல் வைத்து ஃபைலை மூடினார்.